பூப்பாத்தியில் மணல் கொட்டலாமா?

கேள்வி: திருச்சி புறநகரில் வீடு. காம்பவுண்டுச் சுவரை ஒட்டி 3 அடி அகலம், 30 அடி நீளத்தில் பூப்பாத்தி. இட்லிப்பூ, நந்தியாவட்டை, செம்பருத்தி, குண்டுமல்லி இருக்கின்றன. முதல் இரண்டு வருடம் நன்றாகப் பூத்தன. இப்போது களிமண் இறுகி, தண்ணீர் தேங்குகிறது, வெயிலில் வெடிக்கிறது. இட்லிப்பூ மஞ்சளடிக்கிறது. தினமும் கூட்டிச் சுத்தமாகத்தான் வைத்திருக்கிறேன், காலை மாலை தண்ணீர் தெளிக்கிறேன். எவ்வளவு மணல் கலப்பது? உரக்கடைக்காரர் சொல்லும் ஹியூமிக் திரவத்தை (மக்கிய பொருளில் இருக்கும் ஹியூமிக் அமிலத்தின் கரைசல்) வாங்கலாமா? ஜிப்சமும் போடச் சொல்கிறார்.
— ஓய்வுபெற்ற ஆசிரியை

பதில்: மணல் வேண்டாம் அம்மா. களிமண்ணின் குணம் மாற வேண்டுமானால் மண் இருக்கும் அளவுக்கு மணலும் சேர வேண்டும். ஓர் அடி ஆழத்துக்கு உங்கள் பாத்தியில் 90 கன அடி மண் இருக்கிறது. கிட்டத்தட்ட ஒரு யூனிட் (100 கன அடி) மணல் இறக்க வேண்டியிருக்கும். நாலு சட்டி மட்டும் போட்டால் களி அதைக் கவ்விக்கொண்டு செங்கல் மாதிரி இறுகும்.

ஹியூமிக் திரவம் போலி என்று சொல்லவில்லை. ஆனால் லிட்டருக்குச் சில மில்லி கலந்து ஊற்றுவது, மண்ணில் இல்லாத மக்கை உண்டாக்கிவிடாது. கடைக்காரருக்குக் குப்பி விற்றால் லாபம். சாணிக்குப்பை போடச் சொன்னால் அவருக்கு என்ன கிடைக்கும்?

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. கூட்டிய சருகு எங்கே போகிறது? எரிக்கிறீர்கள், அல்லது குப்பை வண்டியில் கொடுக்கிறீர்கள். ஆக, பாத்திக்கு வர வேண்டிய தீனி தினமும் வெளியே போகிறது. வெறும் மண்ணில் மழைத்துளியும் ஓஸ் தண்ணீரும் அடிக்கும்போது மண் கட்டிகள் உடைந்து, நுண்ணிய களி துளைகளை அடைத்துக்கொள்கிறது. மேலே ஓடு கட்டுகிறது. தின்ன ஒன்றும் இல்லாத இடத்தில் மண்புழுவும் தங்காது. வாசலைக் கூட்டுங்கள், பாத்தியைக் கூட்டாதீர்கள். நம் வீடுகளில் இதைச் சொன்னால் யாரும் கேட்பதில்லை. சருகு கிடந்தால் பாம்பு வரும் என்பார்கள். செங்கல் அடுக்கும் எலிப் பொந்தும்தான் பாம்புக்கு அதிக வசதி, ஆனாலும் சருகிலும் ஒதுங்கலாம். எப்போதும் கை விடும் முன் குச்சியால் கிளறிப் பாருங்கள்.

ஆவணி, புரட்டாசியில், ஐப்பசி அடைமழைக்கு முன்பாக வேலையை ஆரம்பியுங்கள். ஈரம் பதமாக இருக்க வேண்டும்: கையில் உருட்டினால் திரியாக நீண்டால் இன்னும் காயவிடுங்கள், உதிர்ந்தால் சரி. செடியின் தூரிலிருந்து ஓர் அடி தள்ளி, கடப்பாரையை ஆழமாகக் குத்தி அசைத்து எடுங்கள். மண்ணைப் புரட்ட வேண்டாம். மேலே இரண்டு அங்குலம் நன்றாக மக்கிய தொழுவுரம், அதாவது 15 கன அடி. சிமெண்ட் சாக்கில் அளந்தால் 12 சாக்கு. பாக்கெட் மண்புழு உரம் வாங்கினால், ஒரு கைப்பிடியை டம்ளர் தண்ணீரில் கலக்கிப் பாருங்கள். பாதி மணலாக அடியில் படிந்தால், மணலைத்தான் உர விலைக்கு வாங்கியிருக்கிறீர்கள்.

அதன் மேல் மூன்று அங்குலச் சருகு. தண்டையும் சுவரையும் ஒட்டாமல் நாலு விரல் விட்டுப் போடுங்கள், கறையான் ஏறாமல் இருக்கும். மாவிலை மெதுவாகத்தான் மக்கும், பரவாயில்லை. காய்ந்த இலையை மண்ணுக்குள் புதைக்காதீர்கள். காய்ந்த சருகைப் புதைத்தால், அது மக்கும்போது செடிக்குச் சேர வேண்டிய தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். மேலே கிடந்தால் அந்தத் தொல்லை இல்லை. அப்புறம் காலை மாலைத் தெளிப்பை நிறுத்திவிட்டு, வேர் வரை இறங்குகிற மாதிரி சில நாளுக்கு ஒரு முறை நின்று ஊற்றுங்கள். பாத்திக்குள் யாரும் கால் வைக்கக் கூடாது. களை எடுக்க ஒரு பலகை போட்டு நில்லுங்கள்.

ஜிப்சத்தை உடனே வாங்காதீர்கள். காய்ந்த மண் கட்டி ஒன்றை மழைத்தண்ணீர் உள்ள டம்ளரில் மெதுவாக விடுங்கள், கலக்க வேண்டாம். சுற்றிலும் பால் போலக் கலங்கினால், களியைக் கலைக்கும் சோடியம் உப்பு மண்ணில் அதிகமாக இருக்கலாம். அப்போது மண்ணையும் போர் தண்ணீரையும் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துப் பாருங்கள். சோடியம் இல்லாத மண்ணுக்கு ஜிப்சம் வெட்டிச்செலவு. சோடியம் இருந்தாலும், ஜிப்சம் போட்டபின் அந்தச் சோடியத்தை நல்ல தண்ணீரால் கழுவி வெளியேற்ற வேண்டும். சுவருக்கும் சிமெண்ட் தரைக்கும் நடுவே அடைபட்ட பாத்தியில் அது எங்கே போகும் என்பதை முதலில் யோசியுங்கள்.

இட்லிப்பூவின் இளம் இலையில் நரம்பு பச்சையாகவும் மற்ற இடம் மஞ்சளாகவும் இருந்தால் இரும்புச்சத்துக் குறையாக இருக்கலாம். வீடு கட்டியபோது புதைந்த சிமெண்ட் கழிவு அதற்குக் காரணமாக இருக்கலாம். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கலந்து மாலையில் இலையில் தெளியுங்கள். தெளித்த கரைசல் சுவரில் பட்டால் கறை போகாது.