கடைசி நாள், 12 சைக்கிள், ஒரு வியன்னா

கேள்வி: ஜெர்மனியில பாஸாவ்ல ஆரம்பிச்சு டான்யூப் ஓரமாவே வியன்னா வரைக்கும் சைக்கிள்ல போறோம், சொந்தக்காரங்க எல்லாம் சேர்ந்து 12 பேரு, அப்பாவும் வர்றாரு, வயசு 66. மத்த நாளெல்லாம் ஆத்தோரப் பாதை, பயமில்ல. கடைசி நாள் கிரெம்ஸ்லேர்ந்து வியன்னாக்குள்ள நுழையணுமே, டிராம், சிக்னல், போதாததுக்கு வலது பக்கமா ஓட்டணும். பேசாம ட்ரெயின் புடிச்சிடலாமா?
- வாசகி, கோவை

பதில்: பயந்துக்கிட்டு ட்ரெயின் ஏறாதீங்கம்மா. பெரிய ஊருக்குள்ள சைக்கிள்ல நுழையறதுன்னா புறநகர் ரோட்டுல லாரிக்கு நடுவுல மாட்டிக்கணும்னு நெனைப்போம், இங்க அப்படி இல்ல. தென்கரையிலயே வாங்க, கிளோஸ்டர்நாய்பர்க் தாண்டினா நுஸ்டார்ஃப், அங்க டான்யூப் கால்வாய் பிரியற எடத்துல ஒரு பாலம், ரெண்டு பக்கமும் ஒசரத்துல வெண்கலச் சிங்கம் உக்காந்திருக்கும், கட்டடக் கலைஞர் ஓட்டோ வாக்னர் கட்டினது. அங்க எல்லாரும் வந்து சேர்ற வரைக்கும் ஒருத்தரும் நகரக் கூடாது, இத காலையில கிளம்பும்போதே கறாரா சொல்லிடுங்க. ஏன்னா கடைசி நாள்னாலே கால்ல தெம்பு இருக்கற ரெண்டு பேரு நாந்தான் மொதல்லன்னு பிச்சுக்கிட்டு போவாங்க, பின்னாடி வர்றவங்க வழி தெரியாம நிப்பாங்க, அன்னிக்கு வர்ற சண்டையில பாதி இதாலதான். அங்கேர்ந்து கால்வாய் ஓரமாவே வந்தா, தங்க உருண்டை மாட்டின புகைபோக்கியோட குப்பை எரிக்கிற ஆலை (ஓவியர் ஹுண்டர்ட்வாஸர் அலங்கரிச்சது, குப்பை ஆலைன்னு சத்தியம் பண்ணாலும் நம்ப மாட்டீங்க), அதத் தாண்டி தண்ணி மட்டத்துலயே பாதை, ரெண்டு பக்கச் சுவத்துலயும் கிராஃபிட்டி, கார் எல்லாம் தலைக்கு மேல போகும், ஊர் நடுவுல இருக்கற ஷ்வேடன்பிளாட்ஸ் வரைக்கும் வந்துடலாம்.

கஷ்டம் அங்கேர்ந்து மேல ரோட்டுக்கு ஏறினப்புறம்தான். டிராம் தண்டவாளத்த சாய்வா கடந்தா முன் டயர் அந்தப் பள்ளத்துல எறங்கிடும், ஹேண்டில் திரும்பாது, அப்படியே சாய்ச்சுடும், மழை பேஞ்சிருந்தா கேக்கவே வேணாம். நேர்குறுக்கா கடங்க, இல்ல எறங்கி உருட்டுங்க. இடது பக்கம் திரும்பறப்போதான் நம்ம ஊர் பழக்கம் காலை வாரும், தன்னால எதிர்ப்பக்கத்துக்குப் போயிடுவோம், அதனால அங்க ஒருத்தர் சத்தமா "வலது, வலது"ன்னு கத்தினா தப்பே இல்ல. அப்புறம் 12 பேருங்கறது உங்களுக்கு வசதிதான். ஆஸ்திரியா சட்டப்படி 10 பேரோ அதுக்கு மேலயோ இருந்தா கிராசிங்க ஒரே கூட்டமா கடக்கலாம், மத்த வண்டிங்க விடணும். ஆனா முன்னுரிமை யாருக்குன்னு பாத்துதான் கிராசிங்குக்குள்ளயே நுழையணும், முதல் ஆளும் கடைசி ஆளும் பளபளக்கற வெஸ்ட் போட்டிருக்கணும், கூட்டம் எங்க முடியுதுன்னு முன்னாடி போறவர் கை காட்டணும். ரெண்டு வெஸ்ட் இங்கேர்ந்தே வாங்கிட்டுப் போங்க, மடிச்சா கைக்குட்டை சைஸ்தான்.

அப்பாவுக்கு அன்னிக்கு மொத்தம் 80 கிலோமீட்டர் வரும், மேடு கிடையாது, முடியும்னா ஓட்டட்டும். களைச்சா வழியில வர்ற துல்ன்ங்கற ஊர்ல வியன்னா போற எஸ்40 ட்ரெயின்ல சைக்கிளோட ஏத்திவிடுங்க, சைக்கிளுக்குத் தனி டிக்கெட் எடுக்கணும். ஓவியர் ஈகோன் ஷீலே 1890ல பொறந்ததே அந்த ஸ்டேஷன் கட்டடத்துலதான், அவங்கப்பா ஸ்டேஷன் மாஸ்டர்.

கேள்வி: அதே ரூட்லதான் நாங்களும் போறோம். கடைசி நாள் வழியில நிக்காம ஒரே மூச்சா ஓட்டிடலாமா, பாக்க ஏதாவது இருக்கா?
- வாசகர், திருச்சி

பதில்: துல்னுக்கு முன்னாடி ஸ்வென்டென்டார்ஃப்ல நில்லுங்க. பாதை ஓரத்துலயே ஒரு அணு மின் நிலையம், முழுசா கட்டி முடிச்சது, ஒரு நாள்கூட ஓடல! 1978 நவம்பர் 5 அன்னிக்கு மக்கள்கிட்டயே ஓட்டுக்கு விட்டாங்க, 50.5 சதவீதம் பேர் வேணாம்னுட்டாங்க, அதோட சரி. இத்தனைக்கும் ஓட்டு வித்தியாசம் சுமார் 30,000தான். கட்டடம் இன்னும் அப்படியே நிக்குது, வெளிய சோலார் பேனல் வெச்சிருக்காங்க. போட்டோ எடுத்துட்டு துல்ன்ல போய் சாப்பிடுங்க, கிளோஸ்டர்நாய்பர்க் வரைக்கும் பசியோட இழுக்காதீங்க. ஞாயித்துக்கிழமையா இருந்தா சீக்கிரம் கிளம்பிடுங்க, மதியத்துக்கு மேல உள்ளூர்க்காரங்க குடும்பத்தோட அந்தப் பாதையில எறங்கிடுவாங்க, மணி அடிச்சு அடிச்சு விரல் வலிக்கும்.