‘ரத்தத்தில் ஒன்றும் இல்லை’ என்று சொல்லி அனுப்பினார்களா?

தங்கச்சி, உங்கள் கேள்வியை மூன்று முறை படித்தேன். இந்த நாட்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது, காலையில் விரல்கள் மடங்குவதில்லை, ரத்தப் பரிசோதனை செய்த மருத்துவர் முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்ற மூட்டு அழற்சி நோய்) இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார் என்கிறீர்கள். இது குளிரால் வருகிறதா, எந்தக் காப்பீடு எடுக்கலாம், வேலை இடத்தில் சொல்லலாமா, பேசாமல் ஊருக்கே போய்க் காட்டிக்கொள்ளலாமா என்று நான்கு கேள்வி கேட்டிருக்கிறீர்கள்.

காப்பீட்டைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். அதில் நான் ஏமாந்த கதைதான் இருக்கிறது. குளிரில் வலி கூடுதலாகத் தெரியலாம். ஆனால் குளிர் இந்த நோயைக் கொண்டுவருவதில்லை, வெயில் கொளுத்தும் நாடுகளிலும் இது இருக்கிறது. நான் பேச வந்தது வேறு. ‘ரத்தத்தில் இல்லை’ என்று சொன்னதை அப்படியே நம்பிவிட்டீர்களே, அதைப் பற்றி.

நானும் நம்பினேன். ஒன்றேகால் வருடம் நம்பினேன்.

அப்போது எனக்குக் கிடங்கு ஒன்றில் பெட்டி கட்டும் வேலை. விடியுமுன் போகும் முதல் பஸ்ஸைப் பிடிக்க நான்கு மணிக்கு எழுவேன். எழுந்தால் என்ன, விரல்கள் எழாது. குழாயை முழங்கையால் திறப்பேன். சாவியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் திருப்புவேன். சட்டைப் பொத்தான் போட முடியாமல், தலை வழியாக மாட்டும் உடைகளுக்கு மாறினேன். பத்து மணி ஆகும்போது கை ஓரளவு சொன்னபடி கேட்கும். மருத்துவருக்குக் கிடைக்கும் நேரமோ பிற்பகல் மூன்று மணி. அந்த நேரத்தில் என்னைப் பார்க்கும் யாருக்கும் நான் நடிப்பதாகத்தான் தோன்றும்.

முதலில் வைட்டமின் டி குறைவு என்றார்கள். குறைவுதான். நம் தோல் நிறத்தோடு வெயில் குறைந்த நாட்டில், கட்டடத்துக்குள்ளேயே வேலை செய்தால் குறையாமல் என்ன செய்யும்? அந்த ஒரு விடை கிடைத்ததும் அடுத்த விடையைத் தேடுவதை நிறுத்திவிட்டார்கள். மாத்திரை தின்று அளவு சரியானது, விரல் சரியாகவில்லை. பிறகு புது நாடு, தனிமை, தூக்கக் குறைவு, மனக்கவலை என்று ஆரம்பித்தார்கள். வந்தேறியவர்களின் வலிக்கெல்லாம் ஊர் நினைவு என்று பெயர் வைப்பதைப் போல எனக்கு ஆத்திரம் மூட்டுவது வேறு எதுவும் கிடையாது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். முடக்குவாதத்துக்கு வழக்கமாகப் பார்ப்பது ரத்தத்தில் உள்ள இரண்டு எதிர்ப்பொருள்களை (ஆன்டிபாடி). ஒன்று ருமட்டாய்டு ஃபேக்டர், மற்றொன்று ஆன்டி சிசிபி. முதலாவது நோயே இல்லாதவர்களிடமும் இருக்கும், வயதானவர்களிடமும் ஹெபடைடிஸ் சி உள்ளவர்களிடமும் காணப்படும். இரண்டாவது இன்னும் துல்லியமானது. ஆனால் முடக்குவாதம் உள்ள நூறு பேரில் சுமார் 20 முதல் 30 பேரிடம் இந்த இரண்டுமே இருக்காது. அதைத்தான் செரோநெகட்டிவ் என்கிறார்கள். வீக்கமும் மூட்டுச் சேதமும் அவர்களுக்கும் வரும். ஈஎஸ்ஆர், சிஆர்பி என்ற அழற்சி அளவுகள்கூடச் சிலருக்கு இயல்பாகவே இருக்கும். ஆகவே உங்கள் மருத்துவர் எந்தெந்தப் பரிசோதனை செய்தார் என்று தாளை வாங்கிப் பாருங்கள். பல இடங்களில் முதலாவதை மட்டும் செய்துவிட்டு முடித்துக்கொள்கிறார்கள்.

ரத்தத்தில் தெரியாத நம்மைப் போன்றவர்களுக்கு நோயைக் கண்டுபிடிக்க ஏன் இவ்வளவு தாமதமாகிறது என்பது பின்னால்தான் எனக்குப் புரிந்தது. 2010இல் அமெரிக்க, ஐரோப்பிய வாதநோய் அமைப்புகள் சேர்ந்து ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டன. பத்துக்கு ஆறு எடுத்தால் முடக்குவாதம். ரத்த எதிர்ப்பொருளுக்கு மட்டும் மூன்று மதிப்பெண் வரை உண்டு. அது சுழியம் ஆனால், பத்துக்கு மேற்பட்ட மூட்டுகள் பாதிக்கப்பட்டால்தான் ஆறைத் தொட முடியும். எட்டுச் சிறு மூட்டு வீங்கி, சிஆர்பி கூடி, ஆறு வாரம் கடந்திருந்தாலும் ஐந்துதான். ஒரு மதிப்பெண்ணில் தேர்வில் தோற்ற கதை. அந்த முறை ஆய்வுகளுக்கு நோயாளிகளை வகைப்படுத்த வந்தது. எதிரே உட்கார்ந்திருப்பவரைத் தன் அனுபவத்தால் எடைபோட மருத்துவருக்குத் தடை இல்லை. ஆனால் அவர் எடைபோட நாம் ஏதாவது கொடுக்க வேண்டும் அல்லவா? அங்கேதான் நான் கோட்டைவிட்டேன்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? ‘உடம்பெல்லாம் வலி.’ நம் மொழியில் குடைச்சல், கடுப்பு, பிடிப்பு, இழுப்பு, குத்தல், உளைச்சல் என்று வலிக்கு எத்தனை சொற்கள்! அத்தனையையும் வைத்துக்கொண்டு இந்த நாட்டு மொழியில் எனக்குத் தெரிந்த ஒரே சொல்லைப் போட்டு மொத்தத்தையும் கெடுத்தேன். உடம்பெல்லாம் வலி என்று கேட்ட மருத்துவர் மனதைத்தான் பார்ப்பார். எந்த மூட்டு, இரண்டு கையிலுமா, வீங்குகிறதா, எழுந்த பிறகு எத்தனை நிமிடம் விறைப்பாக இருக்கிறது, அசைத்தால் குறைகிறதா கூடுகிறதா? இவற்றைச் சொல்லுங்கள். மூட்டுத் தேய்மானத்தில் காலை விறைப்பு பெரும்பாலும் அரை மணிக்குள் விட்டுவிடும். அழற்சியால் வருவது ஒரு மணிக்கு மேலும் நீளும். விரல் கணுக்களிலும் நடு மூட்டுகளிலும் வீங்குவது முடக்குவாதத்தின் வழக்கம், நகத்தை ஒட்டிய நுனி மூட்டில் வீங்குவது வேறு நோயாக இருக்கலாம். காலையில் வீக்கம் இருக்கும்போதே தேதியோடு கையைப் படம் எடுத்து வையுங்கள். மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் உரிமை என்றால் வெட்கப்படாதீர்கள். பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளையை அழைத்துப்போய் மொழிபெயர்க்கச் சொல்லும் நம்மவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைக்கு எதற்கு அந்தச் சுமை?

நம்மவர்கள் என்றதும் இன்னொன்று. இங்கே நீண்ட நாள் இருப்பவர்களில் இரண்டு வகை உண்டு. ஒரு வகை, இந்த நாட்டு மருத்துவருக்கு ஒன்றும் தெரியாது என்று பெட்டி நிறைய மாத்திரை கொண்டுவந்து ஊருக்கெல்லாம் விநியோகிக்கும். இன்னொரு வகை, இங்கே யாரும் முனகுவதில்லை, நாமும் முனகக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு திரியும். நான் முதல் வகையிடம் அகப்பட்டேன். வாதநோய் நிபுணரைப் பார்க்க நான்கு மாதம் காத்திருந்து நாள் கிடைத்தது. அதற்குப் பத்து நாள் முன்னால், நல்ல மனதோடுதான், ஒரு அக்கா பிரட்னிசலோன் மாத்திரையை எண்ணிக் கொடுத்தார். அது ஸ்டீராய்டு என்றுகூட எனக்குத் தெரியாது. மூன்றாம் நாள் விரல்கள் புல்லாங்குழல் வாசிக்கும் போலிருந்தன. நிபுணர் அழுத்திப் பார்த்தார், வீக்கம் இல்லை, ரத்தமும் சுத்தம், எக்ஸ்ரேயும் சுத்தம். என் மருத்துவக் கோப்பை மூடிவிட்டார். மாத்திரை தீர்ந்ததும் வலி வட்டியோடு வந்தது. தானாக ஸ்டீராய்டு தின்னாதீர்கள்; தின்றிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்; நாள்பட எடுத்திருந்தால் சட்டென்று நிறுத்தவும் கூடாது. பெயர் ஒட்டாத பொடி, லேகியம் எல்லாவற்றுக்கும் இதே எச்சரிக்கைதான். அவற்றில் சிலவற்றில் ஸ்டீராய்டைக் கலந்து விற்கிறார்கள்.

இரண்டாவது நிபுணர் ஒரு அம்மையார். கையை நீட்டச் சொல்லி நான்கு கணுக்களையும் சேர்த்துப் பக்கவாட்டில் அழுத்தினார். கூரையைப் பார்த்தேன். பிறகு நகத்தில் குழி இருக்கிறதா, தலையில் செதில் இருக்கிறதா, வீட்டில் யாருக்காவது சொரியாசிஸ் என்ற தோல் நோய் உண்டா, முதுகு விறைக்கிறதா, அண்மையில் சிக்குன்குனியா வந்ததா என்று கேட்டுக்கொண்டே போனார். இவற்றுக்குப் பின்னால் இருக்கும் நோய்கள் முடக்குவாதம் போல வேடம் போடும் என்பதால்தான் அத்தனை கேள்வி. கடைசியில் அல்ட்ராசவுண்ட். மூட்டைச் சுற்றிய சவ்வு தடித்து, அதில் ரத்தம் பாய்வது திரையில் சிவப்புப் புள்ளிகளாக மின்னியது. அந்தச் சிவப்பைப் பார்த்து நான் அழுதேன். பயத்தால் இல்லை. நான் பொய் சொல்லவில்லை என்பதற்கு ஒரு சாட்சி கிடைத்துவிட்டதே!

மருந்து பெரும்பாலும் மெத்தோட்ரெக்சேட்டில் தொடங்கும். வாரத்துக்கு ஒரு நாள்தான். மறந்தும் தினமும் விழுங்கிவிடக் கூடாது. எலும்பு மஜ்ஜையை அழித்து உயிருக்கே வினையாகும். கூடவே ஃபோலிக் அமிலம் தருவார்கள். ரத்த அணு, கல்லீரல், சிறுநீரகம் பார்க்க முதலில் அடிக்கடி ரத்தம் எடுப்பார்கள். பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும், ஒரு வாரத்தில் திட்டிவிட்டு நிறுத்தாதீர்கள். நீங்கள் சின்னப் பெண். குழந்தைக்குத் திட்டம் இருந்தால் மருந்து தொடங்குமுன்பே சொல்லிவிடுங்கள், கர்ப்பத்தில் இது கூடவே கூடாது. அதற்கு வேறு மருந்துகள் இருக்கின்றன.

எனக்கு அது மட்டும் போதவில்லை, உயிரியல் ஊசிக்கு (பயாலஜிக் என்ற, நோய் எதிர்ப்புச் சக்தியின் ஒரு பகுதியை அடக்கும் மருந்து) மாற்றினார்கள். அதற்கு முன் காசநோய் உறங்குகிறதா என்று பரிசோதிக்க வேண்டும் என்றார்கள். எங்கிருந்து வந்தாய் என்று கேட்டுவிட்டு இதைச் சொன்னதும் எனக்குச் சுருக்கென்றது, நோய் சுமந்து வந்தவளாக நினைக்கிறார்களோ என்று. இல்லை, அந்த ஊசி உறங்கும் காசநோயை எழுப்பிவிடும் என்பதால் எல்லோருக்குமே செய்கிறார்கள். குழந்தையில் பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டதைச் சொல்லுங்கள். தோல் பரிசோதனையை அது குழப்பலாம், ரத்தத்தில் செய்யும் இண்டர்ஃபெரான் பரிசோதனையைக் குழப்பாது.

வேலை இடத்தில் சொல்வதா? நான் சொன்னேன், பெட்டி கட்டுவதிலிருந்து கணக்கெழுதும் இடத்துக்கு மாற்றினார்கள். எல்லோருக்கும் அப்படி அமையும் என்று சொல்ல மாட்டேன். ஊருக்குப் போய்க் காட்டுவதில் தவறில்லை. ஆனால் ஒரு மாத விடுப்பில் தீருகிற நோயில்லை. அங்கே தொடங்கி இங்கே யார் கண்காணிப்பது? முதல் சில மாதங்களில் மருந்து தொடங்கினால்தான் மூட்டைக் காக்க வாய்ப்பு அதிகம். போனால் ஒவ்வொரு தாளின் நகலும் மருந்துச் சீட்டும் கையோடு வர வேண்டும்.

அந்த அம்மையாரிடம் போன நாளில் தொலைபேசியில் ஒரு மொழிபெயர்ப்பாளர் இருந்தார். முகம் தெரியாது; குரலை வைத்து நடுவயதுக்காரர் என்று நினைத்துக்கொண்டேன். காலை விறைப்பு எவ்வளவு நேரம் என்று கேட்டார். மணிக்கணக்குச் சொல்ல வராமல், ‘முதல் பஸ் போய், இரண்டாவது பஸ்ஸும் போய், மூன்றாவதுக்குத்தான் என்னால் செருப்பு மாட்ட முடியும்’ என்றேன். மறுமுனையில் சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு அவர் அதை அப்படியே மொழிபெயர்த்தார் போலும். மருத்துவர் பேனாவை நிறுத்தி, பஸ்ஸுக்கு இடையில் எத்தனை நிமிடம் என்று கேட்டார். நாற்பது என்றேன். எழுதிக்கொண்டார்.

இப்போதும் அதே பஸ்தான். முதலாவதையே பிடித்துவிடுகிறேன். எப்போதாவது தவறினால், அது சோம்பலால்.