ஏரியா, மனையா, சம்புக்காடா? செயற்கைக்கோள் படங்கள் பற்றிக் கேள்வி பதில்

தாவரப் போர்வை, நிலப்பயன்பாட்டு மாற்றம் இவற்றைச் செயற்கைக்கோள் படத்தில் பார்ப்பது பற்றிக் கேளுங்கள் என்றதும் வந்தவற்றில் பாதி, "எங்கள் பகுதியில் பச்சை குறைந்துவிட்டதா?" என்ற ஒரே கேள்விதான். ஊர்ப்பெயர்தான் மாறுகிறது. அவற்றை முதல் பதிலிலேயே சேர்த்துவிட்டேன்.

கேள்வி (தாம்பரம், புவியியல் முதுகலை மாணவி): மேடம், எங்கள் பகுதிக்கு 2016 ஜனவரி, 2024 மே படங்களை எடுத்து என்டிவிஐ (செடிப் பசுமையை அளக்கும் குறியீடு) போட்டேன். பச்சை பாதிக்கு மேல் போய்விட்டது. புராஜெக்ட்டில் அப்படியே எழுதலாமா?

பதில்: எழுதிவிடாதீர்கள் அம்மா. எட்டு வருட மாற்றமும், ஜனவரிக்கும் மே மாதத்துக்கும் இருக்கும் வித்தியாசமும் உங்கள் கணக்கில் கலந்து கிடக்கின்றன. எது எவ்வளவு என்று இனிப் பிரிக்க முடியாது. நமக்கு முக்கிய மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஜனவரியில் காலி மனை, தண்டவாள ஓரம், ஏரி உள்வாய் (கரைக்கு உள்ளே தண்ணீர் நிற்கும் பகுதி) எல்லாம் புல் மண்டிக் கிடக்கும். கத்திரி வெயிலில் அதே இடம் காய்ந்து வெளுத்திருக்கும். அங்கே யாரும் ஒரு மரத்தைக்கூட வெட்டியிருக்க வேண்டியதில்லை. போதாக்குறைக்கு நீங்கள் எடுத்த 2016 ஜனவரி, 2015 பெருமழை முடிந்த கையோடு வந்த மாதம். சென்னை அவ்வளவு பச்சையாக இருந்த வருடத்தோடு எதை ஒப்பிட்டாலும் அது குறைந்துதான் தெரியும்.

சென்னைக்கு நான் எப்போதும் சொல்வது பிப்ரவரி முதல் மார்ச் நடு வரை. மேகம் குறைவு, மழைக்காலப் பச்சையும் முழுதாகக் காயாது. இரண்டு முனைகளிலும் ஒரே மாதத்தையே எடுங்கள். முடிந்தால் ஒற்றை வருடத்தை நம்பாமல், முன்னும் பின்னுமாக மூன்று வருடப் படங்களின் இடைநிலை மதிப்பை எடுங்கள். பக்கத்திலேயே மீனம்பாக்கம், நுங்கம்பாக்கம் வானிலை நிலையங்களின் மழையளவை ஒரு அட்டவணையாகப் போடுங்கள். மழையளவு இல்லாத பச்சைக் கணக்கை நான் படிப்பதே இல்லை.

இன்னொன்று. ஒரே வருடத்தின் பிப்ரவரியையும் மே மாதத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். மே மாதத்திலும் பச்சையாக நிற்பது பெரும்பாலும் மரம். பெரும்பாலும் என்றுதான் சொல்கிறேன். தண்ணீர் பாய்ச்சிய புல்வெளி, ஆகாயத்தாமரை, முக்கியமாக வேலிகாத்தான் என்கிற சீமைக்கருவேலம், எல்லாம் அந்தக் கணக்கில் நுழைந்துவிடும். நேரில் போய்ப் பார்த்துத்தான் கழிக்க வேண்டும்.

கேள்வி (வில்லிவாக்கம், பள்ளி ஆசிரியர்): பச்சைப் பெயின்ட் அடித்த கூரையும் பச்சைதானே? செடி எது, கூரை எது என்று செயற்கைக்கோள் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பதில்: பச்சை நிறத்தை அது நம்புவதே இல்லை சார். இலையில் உள்ள பச்சையம் சிவப்பு ஒளியை விழுங்கிவிடும். நம் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியை இலையின் உள்ளமைப்பு அள்ளித் திருப்பி அனுப்பும். இந்த இரண்டின் வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைப்பதுதான் என்டிவிஐ. அடர்ந்த மரத்தில் பட்ட ஒளியில் திரும்பி வரும் பங்கு சிவப்பில் 0.04, அகச்சிவப்பில் 0.40 என்று வைத்துக்கொண்டால், 0.36ஐ 0.44ஆல் வகுக்க, 0.82 வரும். காய்ந்த மண்ணில் 0.20, 0.26 என்றால் 0.13தான். பெயின்டுக்கும் செயற்கைப் புல்தரைக்கும் இலை அளவுக்கு அந்த எகிறல் கிடையாது.

கேள்வி (கிண்டி, ஆய்வு மாணவர்): அக்கா, ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களில் 2022 ஜனவரிக்குப் பிறகு என்டிவிஐ மொத்தமாகக் கீழே விழுகிறது. காடு, பூங்கா, எல்லா இடத்திலும். என்ன நடந்தது?

பதில்: சென்னைக்கு ஒன்றும் ஆகவில்லை தம்பி, கோப்பில்தான் மாற்றம். 2022 ஜனவரி 25 முதல் வெளிவரும் படங்களில் ஒவ்வொரு பிக்சல் எண்ணோடும் 1000 கூட்டி வைக்கிறார்கள். அதைக் கழித்துவிட்டுத்தான் கணக்குப் போட வேண்டும். மேலே சொன்ன அதே மரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கோப்பில் பத்தாயிரத்தால் பெருக்கி எழுதுவதால் சிவப்பு 400, அகச்சிவப்பு 4000 என்று இருந்தது இப்போது 1400, 5000 என்று வரும். கழிக்காமல் போட்டால் 3600ஐ 6400ஆல் வகுத்து 0.56 கிடைக்கும். இலை ஒன்றும் உதிராமலே 0.82 போய் 0.56! கூகுளின் எர்த் எஞ்சினில் ஹார்மனைஸ்டு என்று பெயரிட்ட தொகுப்பை எடுத்தால் அவர்களே சரிசெய்து வைத்திருப்பார்கள். அமெரிக்காவின் லேண்ட்சாட் கலெக்‌ஷன் 2 எடுப்பவர்களும் கவனியுங்கள்: தரைப் பிரதிபலிப்பு எண்ணை 0.0000275ஆல் பெருக்கி 0.2 கழிக்க வேண்டும்.

கேள்வி (மேடவாக்கம், வீட்டு மனை வாங்க இருப்பவர்): ஒன்றரை கிரவுண்டு மனை ஒன்று பார்த்திருக்கிறோம். 1990 வாக்கில் அது ஏரியாக இருந்ததா என்று படத்தில் தெரியுமா மேடம்?

பதில்: மனை தெரியாது, ஏரி தெரியும். அந்தக் காலத்துக்குக் கையில் இருப்பது 1984இல் ஏவிய லேண்ட்சாட் 5. அதன் ஒரு பிக்சல் 30 மீட்டருக்கு 30 மீட்டர், அதாவது நம் கணக்கில் நான்கு கிரவுண்டு. உங்கள் மனை அரைப் பிக்சல்கூட இல்லை. 1972 முதல் வந்த முந்தைய படங்களில் பிக்சல் இதைவிடப் பெரியது, அதை விட்டுவிடுங்கள். ஆனால் ஏரி பெரியது. 80களின் கடைசி, 90களின் தொடக்கத்து ஜனவரி, பிப்ரவரிப் படங்களைப் பொய்வண்ணத்தில் (அகச்சிவப்பைச் சிவப்பாகக் காட்டும் முறையில்) திறந்தால் செடி சிவப்பாகவும் தண்ணீர் கருப்பாகவும் தெரியும். கரை ஒரு பக்கம் வளைந்த கோடாக ஓடும். உங்கள் மனை அந்த வளைவின் உள்வாய்ப் பக்கம் விழுந்தால் சந்தேகப்படுங்கள்.

படம் சந்தேகத்தைத்தான் கிளப்பும், தீர்த்து வைக்காது. அதற்கு வருவாய்த் துறையின் நில விவர அ-பதிவேடும் எஃப்எம்பி என்னும் புல வரைபடமும் இந்திய நில அளவைத் துறையின் பழைய நிலவரைபடமான டோப்போ ஷீட்டும் வேண்டும். பலர் வில்லங்கச் சான்றிதழைப் பார்த்து நிம்மதியாகிவிடுகிறார்கள். யார் யாருக்கு விற்றார்கள் என்றுதான் அதில் இருக்கும், ஏரி இருக்காது.

2015 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் நின்றதா என்று பார்க்கச் சாதாரணப் படம் உதவாது, மழை நாட்களில் மேகம்தான் தெரியும். சென்டினல்-1 ரேடார் மேகத்தைத் தாண்டிப் பார்க்கும். வெட்டவெளியில் தேங்கிய நீர் அதில் கருப்பாக விழும். ஆனால் வீடுகளுக்கு நடுவே தேங்கிய தண்ணீரை ரேடார் கோட்டை விட்டுவிடும். சுவரில் பட்டுத் திரும்பும் அலை அந்த இடத்தை வெளிச்சமாகக் காட்டும். ஆகவே படத்தில் கருப்பு இல்லை என்பதால் வெள்ளம் வரவில்லை என்று முடிவு கட்டாதீர்கள், அக்கம்பக்கத்துச் சுவரில் நீர்க்கோடு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள்.

கேள்வி (வேளச்சேரி): பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் சில வருடங்களாகப் பச்சை கூடிக்கொண்டே போகிறது. உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்த்த பலன்தானே?

பதில்: சந்தோஷப்பட அவசரம் வேண்டாம். 1,247 ஹெக்டேர் 2022இல் பட்டியலில் சேர்ந்தது உண்மை. ஆனால் சதுப்பு நிலத்தில் என்டிவிஐ கூடினால் பல நேரம் திறந்த நீர்ப்பரப்பு குறைகிறது என்று பொருள். சம்பு என்கிற உயரமான கோரை, ஆகாயத்தாமரை இரண்டும் படத்தில் பளிச்சென்று பச்சை காட்டும். கழிவுநீர் ஊட்டம் சேரச் சேர அவை இன்னும் செழிக்கும். நாரைக்கும் வாத்துக்கும் வேண்டியது ஆழமில்லாத திறந்த தண்ணீரும் சேறும். அதனால் பச்சை ஒளிக்கும் அகச்சிவப்புக்கும் இடையே போடும் நீர்க் குறியீட்டை எடுத்து, திறந்த நீர் மாதத்துக்கு எவ்வளவு என்று வரைந்து பாருங்கள். இரண்டு கோடுகளையும் ஒரே தாளில் வைத்தால் விஷயம் விளங்கும்.

கேள்வி (மயிலாப்பூர்): என் மாடித் தோட்டம் தெரியுமா?

பதில்: சென்டினலின் ஒரு பிக்சலே அரைக் கிரவுண்டுக்குச் சற்றுக் குறைவு. பத்துத் தொட்டி தக்காளி அதில் கரைந்துவிடும். மாடி முழுக்கப் பந்தல் போட்டால் பார்க்கலாம்.

கேள்வி (அடையாறு, ஓய்வுபெற்ற பொறியாளர்): வர்தா புயலில் நகரம் எத்தனை மரங்களை இழந்தது என்று படங்களை வைத்து எண்ண முடியுமா?

பதில்: மரத்தை எண்ண முடியாது ஐயா, மரக்கவிகைப் பரப்பை, அதாவது மேலிருந்து தெரியும் கிளை இலைப் பரப்பைத்தான் அளக்கலாம். அதிலும் வர்தா சிக்கலான கேஸ். புயல் கரை கடந்தது 2016 டிசம்பர் 12. அடுத்து வந்த படத்தில் நகரமே மொட்டையாகத் தெரியும். ஆனால் அதில் ஒரு பங்கு, இலை மட்டும் உதிர்ந்து நின்ற மரங்கள். அவை பிறகு துளிர்த்துவிட்டன. சரி, 2017 பிப்ரவரியை 2016 பிப்ரவரியோடு ஒப்பிடலாமா என்றால், முன்னது வடகிழக்குப் பருவமழை பொய்த்த வருடத்தின் பிப்ரவரி, பின்னது பெருவெள்ளத்துக்குப் பிறகு வந்தது. புயல், வறட்சி, வெள்ளம் மூன்றும் ஒரே கழித்தலில் மாட்டிக்கொள்ளும். கிண்டி தேசியப் பூங்கா போல எல்லை மாறாத இடங்களில் 2014, 2015, 2018 மே மாதப் படங்களையும் சேர்த்து, எந்தப் பிக்சல் திரும்பி எழவே இல்லை என்று தேடுவதுதான் நியாயமான வழி. மாநகராட்சியோ வேறு யாரோ மரக்கணக்கு வைத்திருந்தால் அதற்கு மாற்றாக இதைச் சொல்லக் கூடாது.

கேள்வி (பொன்னேரி, விவசாயி): எங்கள் பக்கம் வயலெல்லாம் கல் ஊன்றி மனையாகிறது. ஆனால் பையன் காட்டிய வரைபடத்தில் அது "புதர் நிலம்" என்று வருகிறது. இது என்ன கூத்து?

பதில்: வரைபடம் பொய் சொல்லவில்லை ஐயா. மேலே போர்த்தியிருப்பதுதான் செயற்கைக்கோளுக்குத் தெரியும். மனை போட்டு விற்காமல் கிடக்கும் இடத்தில் புல்லும் வேலிகாத்தானும் முளைத்திருக்கும், அதை அது புதர் என்கிறது. நிலப்போர்வை வேறு, நிலப்பயன்பாடு வேறு. பத்திரத்தில் நடந்தது ஒளியில் தெரியாது.

ஆனால் வயல் செத்துப்போனதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. நெல் வயலுக்கு ஒரு நாடி உண்டு. நடவு நேரத்தில் தண்ணீர் நிற்பதால் என்டிவிஐ தரைதட்டும், அடுத்த இரண்டு மாதத்தில் மளமளவென ஏறும், அறுவடையில் சட்டென்று விழும். சம்பா, நவரை, சொர்ணவாரி என்று எத்தனை போகமோ அத்தனை மேடுகள். ஐந்து நாளுக்கு ஒருமுறை வரும் சென்டினல்-2 வரிசையில் இதைப் பார்க்கலாம், மழைக்கால இடைவெளிக்கு ரேடார் இருக்கிறது. மூன்று வருடம் தொடர்ந்து அந்த மேடு வராமல், மழைக்கு மட்டும் லேசாகப் பச்சை ஏறி இறங்கினால், அங்கே உழவு நின்றுவிட்டது என்று எழுதலாம். தெருக்களுக்காகப் போட்ட கட்டம் கட்டமான செம்மண் கோடுகள் இந்தியச் செயற்கைக்கோளின் 5.8 மீட்டர் லிஸ்-4 படத்தில் தெரிந்தால் சந்தேகமே இல்லை. ஒரு வருடம் தரிசு விட்டதை மனை என்று எழுதிவிட வேண்டாம் என்று பையனிடம் சொல்லுங்கள். அந்த வருடம் ஏரியில் தண்ணீர் இருந்ததா என்று உங்களைக் கேட்டாலே போதும்.

கேள்வி (அண்ணாநகர்): வன அறிக்கையில் காட்டுப் பரப்பு கூடியதாக வருகிறதே? கண்ணெதிரே மரம் வெட்டுகிறார்கள்.

பதில்: இரண்டும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்கலாம். இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் கணக்கில், ஒரு ஹெக்டேருக்குக் குறையாமல், மரக்கவிகை 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அது காட்டுப் போர்வை. நிலம் யாருடையது, என்ன மரம் என்ற கேள்வியே இல்லை. சவுக்குத் தோப்பும் மாந்தோப்பும் சேரும். உங்கள் தெருவின் தூங்குமூஞ்சி மரங்கள் அந்த அளவுக்குள் வராது.

கேள்வி (தாம்பரம் மாணவியே மறுபடியும்): என் இரண்டு வரைபடமும் தலா 85 சதவீதத் துல்லியம். அது போதும்தானே மேடம்? எந்த மென்பொருள் நல்லது?

பதில்: தனித்தனியாகப் போதும், கழித்துப் பார்க்கப் போதாது. பிழைகள் ஒன்றையொன்று சாராமல் விழுந்தால் 0.85ஐ 0.85ஆல் பெருக்க, 72 சதவீதம்தான் மிஞ்சும். உண்மையான மாற்றமே பத்து சதவீதம் இருக்கும் இடத்தில் அது பிழைக்குள் காணாமல் போய்விடும். ஆகவே "மாறியது" என்று வந்த பிக்சல்களிலிருந்து தனியாக மாதிரி எடுத்து, கூகுள் எர்த்தின் பழைய படங்களிலும் நேரிலும் சரிபாருங்கள். மென்பொருளுக்குச் செலவு வேண்டாம். கியூஜிஐஎஸ் இலவசம், எர்த் எஞ்சின் படிப்புக்கு இலவசம். லேண்ட்சாட் தேடும்போது சென்னைக்குப் பாத் (பாதை எண்) 142, ரோ (வரிசை எண்) 51 என்று கொடுங்கள். 2003 மே மாதத்துக்குப் பிந்தைய லேண்ட்சாட் 7 படங்களில் வரி வரியாகப் பட்டை விழும், அந்த வருடங்களுக்கு லேண்ட்சாட் 5 எடுத்துக்கொள்ளுங்கள்.