புல்தரைக் காளானும் ஆயாவின் குழம்பும்

தம்பி, செட்டிநாட்டில் நீங்கள் பள்ளத்தூர், நான் பக்கத்திலேயே கானாடுகாத்தான். நியூஜெர்சிக்கு வந்து 18 வருஷம் ஆகிறது. நாலு நாள் மழைக்குப் பிறகு வாடகை வீட்டுப் புல்தரை முழுக்க வெள்ளைக் காளான், மருந்து அடிக்க வேண்டுமா, வீட்டுக்காரர் நம்மைக் குறை சொல்வாரா என்று கேட்டிருக்கிறீர்கள். வீடியோ காலில் பார்த்த உங்கள் ஆயா (பாட்டி), "பறிச்சுக் குழம்பு வைக்க வேண்டியதுதானே" என்றாராம்.

முதலில் குழம்பு. வேண்டவே வேண்டாம்.

ஆயா மேல் தப்பில்லை. இடி இடித்து மழை பெய்த மறுநாள் விடியலில், செம்மண் காட்டில் புற்றோரமாகப் பறித்து வருவோமே, அந்தக் காளானை நினைத்துச் சொல்கிறார். அது கறையான் புற்றுக்குள்ளேயே வளர்க்கிற பயிர். அப்படிக் காளான் வளர்க்கும் கறையான் இனம் அமெரிக்கக் கண்டத்திலேயே கிடையாது. இங்கே இருக்கிற கறையானுக்கு வீட்டை அரிக்கத்தான் தெரியும். அதனால் உங்கள் புல்தரையில் இருப்பது பார்வைக்கு எப்படி இருந்தாலும் ஆயாவின் காளான் அல்ல.

இங்கே புல்தரையில் பெரிய வெள்ளைக் குடையாக முளைக்கும் ஒரு வகை இருக்கிறது. முற்றினால் குடைக்கு அடியில் இருக்கும் மடல்கள் பச்சையாகும். தின்றால் ஓரிரண்டு மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் ஆளைப் புரட்டிப் போட்டுவிடும். அதைவிட மோசமானது ஓக் மரத்தடியில் வரும் 'டெத் கேப்'. ஆறு மணி நேரத்துக்கு மேல் ஒன்றுமே தெரியாது, அப்புறம் கல்லீரலில் கை வைக்கும். வேகவைத்தாலும் அந்த விஷம் போகாது. வெள்ளிக் கரண்டி கறுக்கிறதா என்று பார்ப்பதெல்லாம் சும்மா.

சரி, ஏன் முளைக்கிறது? நம் அய்யாக்கள் (தாத்தாக்கள்) பர்மாத் தேக்கைக் கப்பலில் கொண்டுவந்து தூணுக்கும் கதவுக்கும் போட்டார்கள், சுவர் என்னவோ செங்கல்லும் சுண்ணாம்பும்தான். இங்கே சுவரே மரச்சட்டம், கட்டும்போது பலகைத் துண்டு மிஞ்சும். எங்கள் புது வீட்டில் இரண்டாம் வருஷம் காளான் வந்தபோது, பயந்துபோய்ப் பூஞ்சை மருந்து வாங்கி அடித்தேன். காசு போனதுதான் மிச்சம், அடுத்த மழைக்கு அதே இடத்தில் மறுபடி குடை. மண்வெட்டி போட்டுப் பார்த்தால் ஒரு முழ ஆழத்தில் பலகைத் துண்டுகள். கட்டியவர்கள் மிச்சத்தை அள்ளிப் போகச் சோம்பல்பட்டு, அங்கேயே புதைத்து மேலே புல்லை விரித்துவிட்டார்கள்.

அந்த மரத்தைத்தான் பூஞ்சை தின்கிறது. அதன் உடம்பு மண்ணுக்குள் வெள்ளை நூலாகப் படர்ந்து கிடக்கும். நாம் பார்க்கும் குடை அதன் காய் மாதிரி, ஈரம் கண்டால் வெளியே தலைகாட்டும். வெட்டிய மரத்தின் வேர், மட்கிய புல், நாய் எச்சம் எல்லாமே அதற்குச் சாப்பாடு. பெரும்பாலும் புல்லுக்குக் கெடுதல் இல்லை, மட்கியது உரமாகத்தான் போகும். தின்ன மரம் தீர்ந்தால் தானே நின்றுவிடும், அதற்குச் சில வருஷம்கூட ஆகலாம்.

குழந்தையோ நாயோ இருந்தால் மட்டும் கையுறை போட்டுப் பிடுங்கிக் குப்பையில் போடுங்கள். தண்ணீர் விடுவதைச் சாயங்காலத்திலிருந்து காலைக்கு மாற்றுங்கள். யாராவது வாயில் வைத்துவிட்டால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் 1-800-222-1222 விஷ உதவி எண்ணைக் கூப்பிடுங்கள், கட்டணம் இல்லை. அந்தக் காளானில் ஒன்றைக் காகிதப் பையில் எடுத்து வையுங்கள், அடையாளம் பார்க்க உதவும்.

வீட்டுக்காரர் கேட்டால் கீழே மரம் புதைந்திருக்கும் என்று சொல்லுங்கள். ஆயாவுக்குக் கடையில் மொட்டுக் காளான் வாங்கி, மிளகு தூக்கலாக வறுத்துப் போட்டோ அனுப்பிவிடுங்கள்.