கால்குலேட்டருக்குப் பதில் பைத்தான்: நிரல் தெரியாதவர்களுக்குச் சரிப்படுமா?

கேள்வி: வீட்டுக் கடன் 10 லட்சம் வாங்கலாம் என்றிருக்கிறேன். 15 வருடமா, 20 வருடமா என்று பார்க்க, ஒவ்வொரு முறையும் கால்குலேட்டரில் முதலிலிருந்து தட்ட வேண்டியிருக்கிறது. "பைத்தானில் போடுங்கப்பா" என்கிறாள் மகள். நிரல் எழுதத் தெரியாத எனக்கு இது ஒத்துவருமா?

பதில்: தாராளமாக ஒத்துவரும். மகள் சொல்வதைக் கேளுங்கள். பைத்தான் என்ற நிரல் மொழியின் அதிகாரபூர்வப் பாடத்திலேயே அதைக் கால்குலேட்டராகப் பயன்படுத்துவது பற்றி ஒரு பகுதி இருக்கிறது. விண்டோஸில் பைத்தானை நிறுவினால் கூடவே ஐடில் என்ற ஜன்னலும் வரும். அதைத் திறந்தால் >>> என்ற குறி காத்திருக்கும். கணக்கை எழுதி என்டர் தட்டினால் அடுத்த வரியில் விடை.

எண்களுக்குப் பெயர் வைக்கலாம், அதுவும் தமிழிலேயே. பைத்தான் 3 இதை ஏற்றுக்கொள்கிறது. வட்டி 9 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம்:

>>> அசல் = 1000000
>>> வட்டி = 9/1200
>>> மாதம் = 240
>>> அசல் * வட்டி / (1 - (1 + வட்டி) ** -மாதம்)

விடை 8997.259 என்று தொடங்கும். அதாவது தவணை 8,997 ரூபாய் 26 காசு. (9/1200 என்பது ஆண்டு வட்டியை மாத வட்டியாக்குவது, ** என்பது அடுக்கு.)

இப்போது மாதம் = 180 என்று மட்டும் மாற்றுங்கள். நீளமான சூத்திரத்தை மறுபடி தட்ட வேண்டாம். பழைய வரியில் கர்சரை வைத்து என்டர் தட்டினால் அது கீழே வந்து நிற்கும், இன்னொரு என்டர் போதும். தவணை 10,142 ரூபாய் 67 காசு. அப்புறம் இதைப் போடுங்கள்:

>>> _ * 180 - அசல்

அடிக்கோடு என்றால் 'கடைசியாக வந்த விடை'. மொத்த வட்டி சுமார் 8,25,680 ரூபாய். 20 வருடத்துக்கு இதே கணக்கு 11,59,342 வரும். மாதம் 1,145 ரூபாய் கூடக் கட்டினால் வட்டியில் 3 லட்சத்து 33 ஆயிரத்துக்கு மேல் மிச்சம். இப்படி 'இதை மாற்றினால் என்ன ஆகும்' என்று திரும்பத் திரும்பப் பார்க்கத்தான் பைத்தானை இவ்வளவு வலியுறுத்துகிறேன். தவணையை மாதாமாதம் குறித்து வைக்க எக்செல்தான் நல்லது.

இனி கவனம் தேவைப்படும் இடங்கள். நம் ஊர் வழக்கப்படி 1,25,000 என்று காற்புள்ளி போட்டால் (1, 25, 0) என்று மூன்று எண்களாகப் பிரித்துவிடும். காற்புள்ளி இல்லாமலே எழுதுங்கள். கண்ணுக்கு வசதியாக வேண்டுமென்றால் 1_25_000 என்று அடிக்கோடு போடலாம். 5^2 என்று தட்டினால் 25 வராது, 7 வரும். அந்தக் குறிக்கு அங்கே வேறு வேலை. 2500 % 18 என்றால் 18 சதவீதம் இல்லை, வகுத்த மீதி 16. சதவீதத்துக்கு 2500 * 18 / 100 என்றே எழுதுங்கள். இந்த மூன்றிலும் பிழைச் செய்தி வராது, தவறான விடை சாதாரணமாக வந்து நிற்கும். அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

0.1 + 0.2 போட்டால் 0.30000000000000004 வரும். பயப்படாதீர்கள். கணினி எண்களை இரும முறையில் வைத்துக்கொள்கிறது; அதில் 0.1 முழுசாக அடங்காது. கடன் ஒப்பீட்டுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. காசு பிசகாத கணக்கு வேண்டுமென்றால் ரூபாயைக் காசாக்கி முழு எண்களிலேயே கூட்டுங்கள், கழியுங்கள். முழு எண் எவ்வளவு பெரிதானாலும் பைத்தானில் ஓர் இலக்கம்கூடத் தவறாது.

ஜன்னலை மூடினால் அசல், வட்டி எல்லாம் அழிந்துவிடும். அசல், வட்டி, மாதம், சூத்திரம் என்ற நான்கு வரிகளையும் ஒரு நோட்பேடில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். வங்கி வேறு வட்டி சொல்லும் நாளில் வட்டி வரியை மட்டும் மாற்றி, ஒவ்வொரு வரியாக ஒட்டி என்டர் தட்டினால் போதும்.