மன்னார் வளைகுடா லிஸ்ட்ல இருக்கிற ஒரு மென்பவள இனம் நிஜமாவே அங்க இருக்கான்னு எப்படி செக் பண்றது?

கேள்வியைப் பார்த்ததும் சுருக்குன்னு இருந்துச்சு. நீங்க அநேகமா பி.எச்டி முதல் வருஷம், கைடு ஒரு பழைய லிஸ்ட்டைக் குடுத்து "சந்தேகமானதை எல்லாம் பாத்துரு"ன்னு சொல்லிட்டு மீட்டிங் போயிருப்பாரு. அப்படி ஒரு சந்தேகப் பதிவைப் பெத்துவிட்டவனே நான்தாங்க.

மண்டபத்துல இருந்தப்போ நண்டு வலையில மாட்டி வந்த ஒரு துண்டு, உள்ளங்கை அளவு, தோல் மாதிரி வழவழன்னு. வலைக்கார அண்ணன் "தம்பி, இந்தா உன் பூவு"ன்னு தூக்கிப் போட்டாரு. சினுலேரியாங்கிற மென்பவள ஜீனஸ் (பேரினம்), அதுல சந்தேகமில்ல. எந்த ஸ்பீசீஸ்னுதான் உறுதியா தெரியல, அதனால பேருக்கு முன்னாடி 'சிஎஃப்'னு போட்டேன், அதாவது "இது மாதிரி இருக்கு, சத்தியம் பண்ண மாட்டேன்"னு அர்த்தம். லேப்ல அப்ப எத்தனால் காலி, பர்மிட் வர மாசக்கணக்காகும்னாங்க, சரின்னு ஃபார்மலின்ல போட்டுட்டேன். அமிலமாகாம தடுக்கிற பஃபர் கூட சேக்கல.

அப்புறம் யாரோ ஒரு லிஸ்ட் போட்டாங்க, அதுல 'சிஎஃப்' காணோம். அதைப் பாத்து இன்னொரு லிஸ்ட், அதைப் பாத்து இன்னொண்ணு. ஆறு வருஷம் கழிச்சு ஒரு பையன் மெயில் பண்றான், "சார், இந்தப் பதிவுக்கு ஆதாரம் நீங்கதான், ஸ்பெசிமன் பாக்கலாமா?"ன்னு.

ஜாரைத் திறந்து அடிப்பக்கத்துல அரிசி அளவு வெட்டி டியூப்ல போட்டு ப்ளீச் ஊத்தினோம். சதை கரைஞ்சு அடியில வெள்ளையா மணல் மாதிரி ஸ்க்ளீரைட் தங்கணும், அதாவது சதைக்குள்ள இருக்கிற குட்டிக் குட்டி சுண்ணாம்புத் துண்டு, அதோட வடிவத்தை வச்சுதான் ஸ்பீசீஸ் சொல்றது. சினுலேரியா அடியில இருக்கிறதெல்லாம் பெரிய சைஸ், மைக்ரோஸ்கோப்ல பாத்தா பாகற்காய் மாதிரி முண்டு முண்டா இருக்கும், சிலது வெறுங்கண்ணுக்கே தெரியும். எங்க டியூப்ல தண்ணிதான் இருந்துச்சு. ஃபார்மலின் நாளாக நாளாக அமிலமாகும், ஸ்க்ளீரைட் சுண்ணாம்பு, மொத்தமா கரைஞ்சு போச்சு. பதிவு சரின்னும் சொல்ல முடியாது தப்புன்னும் சொல்ல முடியாது. அந்தப் பையன் ஒண்ணும் சொல்லல, அதுதான் இன்னும் கஷ்டமா இருந்துச்சு.

அதனால முதல்ல லிஸ்ட்டை விட்டுட்டு, எந்தப் பேப்பர்ல இருந்து கிளம்புச்சுன்னு பின்னாடியே போங்க. மூலத்துல ஸ்க்ளீரைட் படம் இருக்கா, ஸ்பெசிமன் எந்த மியூசியத்துல இருக்கு, இல்ல வெறும் தண்ணிக்கடி போட்டோவான்னு பாருங்க. போட்டோவை வச்சு ஸ்பீசீஸ் சொன்னா நான் நம்ப மாட்டேன், பூ மாதிரி விரியிற பாலிப் சுருங்கிட்டா சார்கோஃபைட்டன், லோபோஃபைட்டம்னு ரெண்டு தனித்தனி மென்பவள ஜீனஸுமே குழம்பும். 1905ல ஹெர்ட்மனோட இலங்கை முத்துக்குளிப்பு ரிப்போர்ட்ல எடித் பிராட்ங்கிற ஆய்வாளர் எழுதின மாதிரி பழைய பேர்னா, 1980ல இருந்து 83க்குள்ள வெர்செவெல்ட்ங்கிற மென்பவள ஆய்வாளர் சினுலேரியா, சார்கோஃபைட்டன், லோபோஃபைட்டம்னு இந்த மூணு ஜீனஸையும் மறுபடி அலசினாரே, அதுல அந்தப் பேர் என்ன ஆச்சுன்னு பாக்காம தொடாதீங்க. ஸ்பெசிமன் கிடைச்சா மேல் மடல்ல ஒண்ணு, அடித்தண்டு உள்ள ஒண்ணுன்னு ரெண்டு இடத்துலயும் ஸ்க்ளீரைட் எடுங்க.

"டிஎன்ஏ பாத்தா முடிஞ்சுதே"ன்னு கமெண்ட்ல ஒருத்தர் கண்டிப்பா வருவாரு. வாங்க. இந்த மென்பவளக் கூட்டத்துல மைட்டோகாண்ட்ரியா ஜீன் ரொம்ப மெதுவாத்தான் மாறும், மீனை அடையாளம் காண எடுக்கிற சிஓஐங்கிற மைட்டோகாண்ட்ரியா ஜீன் இங்க பக்கத்துப் பக்கத்து ஸ்பீசீஸைப் பிரிச்சுக் காட்டாது. மட்எஸ், 28எஸ்னு வேற ரெண்டு ஜீனையும் சேத்துப் பாத்தாலும் சிலது பிரியாது. சார்கோஃபைட்டன் கிளாக்கம்ங்கிற ஒரே பேருக்குள்ளயே பல இனம் ஒளிஞ்சிருக்கு. நான் டிஎன்ஏவுக்கு எதிரி இல்ல, ஸ்க்ளீரைட்டையும் சேத்துப் பாருங்கன்னுதான் சொல்றேன்.

எங்க வீட்டுல இது எதுவும் புரியாது. ஒவ்வொரு விசேஷத்துலயும் என் மச்சான் "மாப்ள, பவளத்துலயே வேலை பாக்குற, செவ்வாய்க்கு ஒரு மோதிரக் கல்லு தர மாட்டியா?"ன்னு கேப்பாரு. அந்தச் செம்பவளம் மத்தியதரைக் கடல் சரக்கு மச்சான், மென்பவளத்துக்குச் சொந்தக்காரன்தான் ஆனா நம்ம கடல்ல கிடைக்காதுன்னா, குடுக்க மனசில்லன்னு ஊரெல்லாம் சொல்லியாச்சு. பத்து வருஷமா இதே பஞ்சாயத்து.

சரி விடுங்க. என் பதிவு மாதிரி முடிவு தெரியாததை லிஸ்ட்ல இருந்து தூக்காதீங்க, 'சந்தேகம், ஸ்பெசிமன் சிதைஞ்சது'ன்னு குறிச்சு அப்படியே வைங்க. நாளைக்கு நீங்களே புதுசா எடுக்கிறப்போ எத்தனால் இல்லன்னா, அடித்தண்டோட ஒரு துண்டு வெட்டிக் காயவச்சு, பென்சில்ல இடமும் தேதியும் எழுதி ஒரு கவர்ல போட்டுருங்க. ஸ்க்ளீரைட்டாவது மிஞ்சும். எனக்கு அன்னைக்கு அது தோணல.