குறைந்த வெப்பநிலைத் தெர்மோஸ்டாட் பொருத்தினால் என்ஜின் சூடேறுவது நிற்குமா?

கொழும்பின் காலி வீதி நெரிசலில் வெப்பமானி முள் ஏறுவதால், 82 பாகை செல்சியஸில் திறக்கும் தெர்மோஸ்டாட்டுக்குப் (என்ஜின் சூடானதும் கூலன்ட் எனும் குளிர்விக்கும் திரவத்தை ரேடியேட்டருக்குப் பாயவிடும் வால்வு) பதிலாக 76 பாகையில் திறப்பதைப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் பயன் இராது.

தெர்மோஸ்டாட் என்ஜினின் குறைந்தபட்ச வெப்பநிலையை மட்டுமே காக்கிறது. 82 பாகையில் திறக்கத் தொடங்கும் வால்வு ஏறத்தாழ 95 பாகையில் முழுமையாகத் திறந்துவிடுவதால், அதற்கு மேலும் வெப்பம் ஏறுகிறதென்றால், ஒன்றில் அந்த வால்வு பழுதாகிச் சரியாகத் திறக்கவில்லை, அல்லது ரேடியேட்டரால் வெப்பத்தை வெளியேற்ற முடியவில்லை என்றே பொருள். வேகமாக ஓடும்போது இயல்பாக இருந்து, வெள்ளவத்தையில் ஊரும்போது மட்டும் சூடேறினால் ரேடியேட்டர் மின்விசிறியின் மோட்டாரையும், அதற்கு மின்சாரம் விடும் சுவிட்சான ரிலேயையும் முதலில் சோதியுங்கள். கடலோர உப்புக்காற்றில் ரேடியேட்டரின் மெல்லிய தகடுகள் அரித்து உதிர்வதும் உண்டு. ரேடியேட்டரின் அழுத்த மூடி தளர்ந்திருந்தால் கூலன்ட் முன்கூட்டியே கொதிக்கும். அதை மாற்றுவது மலிவான வேலை.

தேவையின்றிக் குளிர்ந்து ஓடும் என்ஜினில் எண்ணெயில் சேரும் ஈரம் ஆவியாகாது, தேய்மானம் கூடும். மின்னணு எரிபொருள் செலுத்தும் வாகனமாயின், என்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று கணினி கருதிப் பெற்றோலைக் கூடுதலாகச் செலுத்தவும் கூடும். தட்டல் ஒலி (எரிபொருள் தருணம் தவறி வெடிப்பது) எழும் அபாயமுள்ள, திறன் கூட்டப்பட்ட டர்போ என்ஜின்களுக்கு மட்டும் இம்மாற்றம் ஓரளவு நியாயமானது. அங்கும் மின்விசிறி இயங்கத் தொடங்கும் வெப்பநிலையைச் சேர்த்தே குறைக்க வேண்டும். சிலர் அறிவுரைப்பதுபோல் தெர்மோஸ்டாட்டை முற்றாகக் கழற்றிவிடுவது இன்னும் மோசம்.

கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் வாங்குவதானால், உற்பத்தியாளர் குறிப்பிட்ட அதே வெப்பநிலை எண் பொறிக்கப்பட்டதையே கேளுங்கள். பொருத்துமுன் அதை நீரில் இட்டுச் சூடாக்கி, எந்தப் பாகையில் திறக்கிறது என்று வெப்பமானியால் பார்த்துக்கொள்ளலாம்.